மறு: தோள் கிண்ணத்தில் எலும்பு போனால் அதற்கு என்ன பெயர்?

ஐயா, வணக்கம். தோள் அறுவைப் படிவத்துக்கும் பாடநூலுக்கும் தமிழ்ச் சொல் தேடுகிற நம் இழையில் நீங்கள் கேட்டவற்றுக்கு என் மறுமொழி.

> ‘கிளெனாய்டு போன் லாஸ்’ (தோள் கிண்ணத்தில் எலும்பு குறைந்துபோவது) என்பதற்கு ‘எலும்புத் தேய்மானம்’ என்றே போட்டுவிடலாமே, மக்களுக்குப் பழகிய சொல்தானே.

பழகிய சொல் என்பதுதான் சிக்கலே. நம்மூரில் எதைத்தான் தேய்மானம் என்று சொல்லவில்லை? வயதானவர்களின் முழங்கால் வலியும் தேய்மானம், மாதவிடாய் நின்றபின் எலும்பு அடர்த்தி குறைவதும் தேய்மானம், கழுத்து எக்ஸ்ரேயில் எது தெரிந்தாலும் தேய்மானம். இதே பட்டியலில் கபடி ஆடித் தோள் நழுவிய இளவட்டத்தின் மூட்டையும் சேர்த்தால் அவன் நேராகப் போய்க் கால்சியம் மாத்திரைதான் வாங்குவான்.

அவனுக்கு நடந்தது வேறு. தோள் முதல் தடவை இறங்கும்போதே (நழுவும்போதே) பந்து, அதாவது மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, முன்பக்கமாக வெளியே வந்து கிண்ணத்தின் முன்விளிம்பில் ஒரு சில்லைப் பெயர்த்துவிடலாம். அப்புறம் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அதே இடம் அரைபட்டு அரைபட்டுக் குறைந்துகொண்டே போகிறது. முப்பரிமாண சி.டி.யில் பந்தை நீக்கிவிட்டுக் கிண்ணத்தை நேருக்கு நேர் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். கிண்ணத்தின் கீழ்ப்பாதிக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு வட்டம் வரைகிறார்கள், முன்பக்கத்தில் வட்டத்துக்குள் எலும்பே இல்லாமல் பிறை மாதிரி ஒரு துண்டு வெறுமையாகக் கிடக்கும், அதுதான் இழப்பு. (கிண்ணம் என்று பள்ளிப் பாடநூல் சொல்வதெல்லாம் மரியாதைக்கு. தோளில் இருப்பது ஆழமில்லாத தட்டு, அதனால்தான் விளிம்பு இவ்வளவு முக்கியமாகிறது.)

இதைப் பிரித்துச் சொல்லியே ஆகவேண்டும் என்பதற்குக் காரணம் 2000ஆம் ஆண்டில் பர்க்ஹார்ட், டி பீர் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு. கிண்ண விளிம்பிலிருந்து கிழிந்த மென்பகுதியை மட்டும் நுண்துளை வழியாகத் தைத்த 194 தோள்களை எடுத்துப் பார்த்தார்கள். பெரிய எலும்புக் குறை இல்லாதவர்களில் 4% பேருக்குத்தான் தோள் மறுபடி நழுவியது, குறை உள்ளவர்களில் 67% பேருக்கு. கீழே அகன்று பேரிக்காய் மாதிரி இருக்கவேண்டிய கிண்ணம், முன்கீழ் விளிம்பு போனதால் கவிழ்த்த பேரிக்காயாகத் தெரிகிறது என்று அவர்கள்தான் எழுதினார்கள். ஆக, நம் சொல்லில் இரண்டு செய்தி இருக்கவேண்டும்: போனது விளிம்பு, போனது ஒரு துண்டு.

என் முன்மொழிவு ‘கிண்ணமூளி’. வாய் உடைந்த குடத்தை மூளிக்குடம் என்கிறோமே, அதே மூளி.

> மூளி வசைச்சொல் ஆயிற்றே, நோயாளி முகம் சுளிக்கமாட்டாரா?

சுளிப்பார், ஒப்புக்கொள்கிறேன். மூளி அலங்காரி என்று திட்டு வாங்காத பெண்கள் எங்கள் தெருவில் குறைவு. ஆனால் நாம் மூளி என்பது கிண்ணத்தை, ஆளை இல்லை. பாடநூலிலும் மருத்துவர்களுக்குள்ளும் ‘கிண்ணமூளி 25%’ என்று எழுதினால் அளவும் வடிவமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. நோயாளி கையெழுத்துப் போடும் படிவத்தில் மட்டும் ‘விளிம்புக்குறை’ என்று போட்டுக்கொள்ளலாம். ஒரே பொருளுக்கு இரண்டு சொல்லா என்று கோபிக்காதீர்கள், அம்மை என்று வீட்டிலும் வேறு பேர் ஏட்டிலும் வைத்துக்கொண்டு நாம் நன்றாகத்தானே இருக்கிறோம்.

அடுத்தது, போன விளிம்பில் எலும்புத் துண்டு வைத்து நிரப்பும் அறுவையின் பெயர். ‘புனரமைப்பு’ எனக்கு ஒட்டவில்லை, சாலைக்கும் கோயிலுக்கும் போடுகிற சொல். ‘விளிம்புக்கட்டு’ என்று நீங்கள் சொன்னது அழகுதான், ஆனால் எலும்போடு கட்டு என்ற சொல் சேர்ந்தாலே ஆட்கள் புத்தூருக்கு வண்டி ஏறிவிடுவார்கள். ‘விளிம்பு ஒட்டு’ போதும். இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்து வைத்தால் இடுப்பெலும்பு விளிம்பு ஒட்டு, இறந்தவர் கொடையாகத் தந்த கீழ்க்கால் எலும்பின் கணுக்கால் பக்க நுனியிலிருந்து என்றால் கொடையெலும்பு விளிம்பு ஒட்டு.

லட்டார்ஷே அறுவையை மட்டும் இதில் அடைக்க எனக்கு மனமில்லை. பிரான்சின் லியோன் நகரத்து அறுவை மருத்துவர் மிஷேல் லட்டார்ஷே 1954இல் எழுதியது. தோள்பட்டை எலும்பின் முன்புறம் வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் முளையை (கிரேக்கப் பெயரே காக்கையை வைத்துத்தான், ஆகவே காக்கையலகு) அறுத்து, அதில் பற்றியிருக்கும் இரண்டு தசைகளின் பொதுத் தசைநாணோடு சேர்த்தே, முன்பக்கத் தசையில் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு அதன் வழியே இழுத்துவந்து, கிண்ணத்தின் முன்விளிம்பில் வைத்து வழக்கமாக இரண்டு திருகாணியால் முடுக்குகிறார்கள். துண்டு விளிம்பை அகலமாக்குகிறது, அது பாதி வேலை. கையைத் தூக்கி வெளிப்பக்கம் திருப்பும்போது, அதாவது தோள் நழுவுகிற அதே நிலையில், கூட வந்த தசைநாண் முன்னால் இறுகிப் பந்தைத் தடுக்கிறது. வெறும் ஒட்டால் இது முடியாது. ஆகவே ‘காக்கையலகு இடமாற்றம்’ என்று தனியாகவே வைப்போம். ‘மீட்டுருவாக்கம்’ வேண்டவே வேண்டாம், பழைய உடலமைப்பு இங்கே திரும்பி வருவதே இல்லை.

பந்தும் கிண்ணமும் இடம் மாறுகிற செயற்கை மூட்டைத் ‘தலைகீழ் மூட்டு’ என்பதிலும் எனக்குத் தகராறு உண்டு, அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

யாழ்ப்பாணத்துப் பக்கம் மூளி என்றால் முதலில் குடம் நினைவுக்கு வருமா, வசை வருமா என்று அங்குள்ளவர்கள் எழுதினால் நல்லது. படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, இப்போதைக்கு விளிம்புக்குறை என்றே விட்டிருக்கிறேன்.