மறு: காஸ் அண்ட் எஃபெக்ட் மேட்ரிக்ஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘காரண-விளைவு அணி’ என்று வைத்துவிட்டால் போதுமே. அணி பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது.

இருக்கிறதுதான் அக்கா. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் அதே மேட்ரிக்ஸ் ‘தாயம்’. எந்தப் பக்கம் போனாலும் ஒரு சண்டை காத்திருக்கிறது. போகட்டும், பட்டறையில் இதை யாரும் அணிக்கணக்காகப் பார்ப்பதில்லை. எந்த உள்ளீடு எந்த விளைவை எவ்வளவு பாதிக்கிறது என்று மதிப்பெண் போட்டு, பெருக்கிக் கூட்டி எழுதுகிற அட்டவணை, அவ்வளவுதான். எனக்கு உறுத்துவது முன்னால் நிற்கிற ‘காரணம்’.

ஒரு வார்ப்படப் பட்டறையில் தரப்பிரிவில் இருந்தபோது நடந்தது. வார்ப்புகளில் ப்ளோ ஹோல், அதாவது காற்று அடைபட்டு விழும் துளை, அதிகமாகிவிட்டது. உட்கார்ந்து அட்டவணை போட்டோம். வாடிக்கையாளருக்கு எது எவ்வளவு முக்கியம் என்று ப்ளோ ஹோலுக்கு 9, மேற்பரப்பு வழவழப்புக்கு 5. இடப்பக்கம் அச்சு மண்ணின் ஈரம், உலோகத்தை ஊற்றும் வெப்பநிலை, மண்ணில் சேர்ந்த தூசு என்று உள்ளீடுகள். ஒவ்வொன்றுக்கும் விளைவோடு உள்ள தொடர்பைப் பார்த்து 0, 1, 3, 9 என்று மதிப்பெண். (1, 2, 3 என்று போட்டால் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும், பிரித்துக் காட்டத்தான் 9.) ஈரத்துக்கு ப்ளோ ஹோலில் 9, வழவழப்பில் 3. அவற்றை முக்கியத்துவ எண்களால் (9, 5) பெருக்கினால் 81-உம் 15-உம், சேர்த்து 96. முதலிடம். தூசுக்கு இரண்டிலும் 3 போட்டோம், 42.

பலகையில் அந்த வரிசைக்கு மேலே ‘காரணங்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியவன் நான்தான். அதைப் பார்த்த மேற்பார்வையாளர் மறுநாளே மண்ணுக்கு ஊற்றும் தண்ணீரைக் குறைத்துவிட்டார். அச்சின் ஓரங்கள் உதிர்ந்து, வார்ப்புக்குள் மண் போய் உட்கார்ந்தது. அப்புறம் மண்ணைச் சோதித்தால், பழைய மண்ணையே திரும்பத் திரும்பப் போட்டதில் தூசு ஏறி, காற்று வெளியேற வழியில்லாமல் இருந்தது. தூசு கூடினால் மண் தண்ணீரையும் கூடுதலாகக் கேட்கும். ஈரம் ஏறியதே அதனால்தான்.

அட்டவணையில் தப்பில்லை. எதை முதலில் சோதிக்கலாம் என்பதை மட்டுந்தான் அது சொல்லும். மதிப்பெண் போட்டது எங்கள் அனுபவமும் ஊகமும். அதற்குக் காரணம் என்று பெயர் வைத்ததுதான் வினை. சோதித்து நிரூபிக்கிற வரை அவை வெறும் உள்ளீடுகள். சாத்தியமான காரணங்களைக் கிளை கிளையாக வரையும் மீன்முள் படத்திலிருந்து இறக்கி எழுதினாலும் அப்படியே.

> அப்படியானால் ‘உள்ளீடுகளை முன்னுரிமைப்படுத்தல்’?

சொல்லி முடிப்பதற்குள் ஷிஃப்ட் மாறிவிடும் ஐயா. தவிர, முன்னுரிமை என்பது கடைசியில் கிடைப்பது. அங்கே நடக்கும் வேலை எடை போடுவது. அதற்குத் தமிழில் ‘சீர்தூக்குதல்’ இருக்கிறது. சீர்தூக்கிப் பார்த்தேன் என்று இன்றும் எழுதுகிறோம். ஆகவே வேலைக்கு ‘உள்ளீட்டுச் சீர்தூக்கல்’, அட்டவணைக்கு ‘சீர்தூக்கு அட்டவணை’.

இன்னொருவர் ரூட் காஸுக்கு, அதாவது சிக்கலின் அடிவேராக இருக்கும் காரணத்துக்கு, ‘முதற்காரணம்’ சொல்லியிருந்தார். அழகான சொல், ஆனால் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று சைவசித்தாந்தம் படித்தவர்கள் உடனே சொல்வார்கள். குடம் உடைந்தால் மண்ணைக் குறைசொல்வதாகிவிடும்! ‘மூலக்காரணம்’ ஓரளவு பழகிவிட்டது, அதுவே இருக்கட்டும்.

மூலக்காரணம் வேறு, நாம் கைவைக்க வேண்டிய உள்ளீடு வேறு என்பதுதான் முக்கியம். ஜப்பானில் இனா என்ற ஓடு (டைல்) நிறுவனம். 1953-இல் அங்கே ஒரே சூளையில் வெந்த ஓடுகள் அளவில் ஒத்துவரவில்லை. சூளைக்குள் வெப்பம் சீராக இல்லை என்பது தெரிந்த காரணம். ஆனால் சூளையை மாற்றப் பெரும்பணம் வேண்டும். மண் கலவையின் உள்ளீடுகளைச் சோதித்துப் பார்த்து, சுண்ணாம்புக்கல்லை 1 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக்கினார்கள். சூளை அப்படியே இருந்தது, ஓடுகள் சீராயின. கைக்கு அடங்காதவை மாறினாலும் விளைவு மாறாதபடி உள்ளீடுகளைச் சோதித்து அமைக்கும் டகுச்சி முறையைப் பற்றிப் பேசுபவர்கள் தவறாமல் சொல்லும் கதை.

சுண்ணாம்பைக் காரணம் என்று சொல்ல முடியாது. அதை ‘பிடி உள்ளீடு’ என்கிறேன். விளைவு நம் பிடிக்குள் வருவது அதன் வழியாகத்தான். ‘முக்கிய உள்ளீடு’ என்றால் கூட்டத்தில் ஆளுக்கொன்று முக்கியம் என்பார்கள். பிடி என்றால் பெண்யானையும்தான் என்று எழுதப்போகிறவர்களுக்கு: தெரியும், சூளைக்குள் யானை வராது.

மீதி ஒன்று நிற்கிறது. மழைக்காலக் காற்றின் ஈரம்போல நம் கைக்கு அடங்காத உள்ளீட்டை ‘இரைச்சல் காரணி’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். பட்டறையில் அதைச் சொன்னால் கம்ப்ரஸரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ‘அடங்கா உள்ளீடு’ என்று வைக்கலாமா? மாற்று இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.