ஒரே பில் நம்பர் இரண்டு பில்லுக்கு விழுகிறது, அவசர உதவி தேவை

புதுநிரல்:
பில் என்ட்ரி ஸ்கிரீன். ஒருத்தர் போட்டால் சரியாக வருகிறது. மூன்று நான்கு பேர் சேர்ந்து போட்டால் ஒரே நம்பர் ரெண்டு பில்லில் விழுகிறது. இருக்கும் பில் நம்பர்களில் பெரியதை (மேக்ஸ்) எடுத்து 1 கூட்டித்தான் போடுகிறேன். டெஸ்ட்டில் ஒரு தடவைகூட வரவில்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

ஈசல்:
எந்த டேட்டாபேஸ்? ஒரே நம்பர் இரண்டாம் தடவை ஏறாமல் தடுக்கும் யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் பில் நம்பருக்கு இருக்கிறதா? நம்பரை ஸ்கிரீன் திறந்ததும் எடுக்கிறீர்களா, சேவ் அழுத்தும்போதா?

மூத்தநிரலர்:
தனியாக உட்கார்ந்து டெஸ்ட் செய்தால் எப்படி வரும்? முதல் ஆள் மேக்ஸ் கேட்கிறார், 1040. அவர் கமிட் செய்யுமுன் (எழுதியதை உறுதியாகப் பதியுமுன்) இரண்டாம் ஆளும் கேட்கிறார், அவருக்கும் 1040. இருவரும் 1041 எழுதுகிறார்கள். ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள் ஒன்றையொன்று எவ்வளவு பார்க்கலாம் என்று சொல்லும் ஐசொலேஷன் லெவல் பற்றி ஒரு பக்கமாவது படித்துவிட்டுக் கேள்வி போடுங்கள்.

கண்ணி:
டேட்டாபேஸே வரிசையாக நம்பர் தரும் சீக்வென்ஸ் போடுங்கள், அடுத்த நம்பருக்கு நெக்ஸ்ட்வால் கூப்பிடுங்கள், முடிந்தது.

வெண்பலகை:
ஒன்றுபோல் இன்னொன்று வராத நீண்ட ஐடியான யூயூஐடி போட்டால் இந்தத் தொல்லையே கிடையாது.

ஈசல்:
@வெண்பலகை, உள்ளே சாவியாக வைக்க அது சரி. பில்லில் 36 எழுத்தை அச்சடித்து யார் படிப்பது?

புதுநிரல்:
போஸ்ட்கிரஸ். யுனிக் இல்லை. ஸ்கிரீன் திறந்ததுமே எடுக்கிறேன். மேக்ஸோடு, வரியைப் பூட்டும் ஃபார் அப்டேட் போட்டேன், எரர் வருகிறது. நடுவில் நம்பர் விடுபடவே கூடாது.

மூத்தநிரலர்:
விடுபடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மேக்ஸ் போன்ற, பல வரிகளிலிருந்து ஒரே மதிப்பு எடுக்கும் அக்ரிகேட்டோடு ஃபார் அப்டேட்டை போஸ்ட்கிரஸ் ஏற்காது. சீக்வென்ஸும் ஆகாது. ரோல்பேக் ஆனாலும் (கமிட் ஆகாமல் ரத்தானாலும்) நெக்ஸ்ட்வால் கொடுத்த நம்பர் திரும்பி வராது.

கண்ணி:
விடுபட்டால் என்ன? எஸ்க்யூஎல் சர்வரில் தானாக ஏறும் ஐடென்டிட்டி நம்பர், சர்வர் திடீரென நின்று எழுந்தால் 1000 தாண்டிக் குதிக்கலாம். ஆரக்கிள் சீக்வென்ஸ் இயல்பாகவே 20 நம்பரை முன்கூட்டியே கேஷில் (நினைவகத்தில்) எடுத்து வைக்கும், அவையும் தொலையலாம். எல்லோரும் அதோடுதான் ஓட்டுகிறார்கள்.

மூத்தநிரலர்:
அதெல்லாம் உள் ஐடி. வெளியே போகும் பில் நம்பர் வேறு. ரெண்டையும் குழப்பாதீர்கள்.

கண்ணி:
விடுபடாமல் கொடுக்க எல்லோரையும் வரிசையில் நிறுத்த வேண்டுமே, வேகம் என்னாவது?

ஈசல்:
பூட்டு எவ்வளவு நேரம் பிடிபடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. @புதுநிரல், கவுன்ட்டர் டேபிள் ஒன்று வையுங்கள். சீரிஸ், ஆண்டு, கடைசி நம்பர். முதல் இரண்டும் சேர்ந்து பிரைமரி கீ (வரியை அடையாளம் காட்டும் சாவி). யாரும் பில் போடாத நேரத்தில் இப்போதைய மேக்ஸை அதில் ஏற்றுங்கள். சேவ் அழுத்தியதும் பில் வரிகளையெல்லாம் முதலில் எழுதுங்கள். கமிட்டுக்குச் சற்று முன்னால் கடைசி நம்பரில் 1 கூட்டி அப்டேட், அதே ஸ்டேட்மென்ட்டில் புது நம்பரைத் திருப்பித் தரும் ரிட்டர்னிங். வந்த நம்பரை பில் தலைப்பில் எழுதி உடனே கமிட். அந்த வரியின் பூட்டு கமிட் வரை இருக்கும், அடுத்தவர் காத்திருந்து புது மதிப்பைப் பார்ப்பார். ரோல்பேக் ஆனால் கவுன்ட்டரும் பின்வாங்கும், ஓட்டை விழாது. பூட்டு பிடித்தபடி பிரின்ட், மெயில் எதுவும் செய்யாதீர்கள், வரிசை அங்கேதான் தேங்கும். ரத்தான பில்லை அழிக்காமல் ஸ்டேட்டஸ் மட்டும் மாற்றுங்கள். இவ்வளவும் செய்தாலும் யுனிக் கட்டாயம்.

வெண்பலகை:
பில் நம்பர் டெக்ஸ்டா, இன்டிஜரா? டெக்ஸ்ட் என்றால் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு 999ஐத்தான் 1000ஐவிடப் பெரியது என்று மேக்ஸ் சொல்லும்.

புதுநிரல்:
இன்டிஜர்தான். கவுன்ட்டர் போட்டாச்சு, டூப்ளிகேட் நின்றுவிட்டது. யுனிக் மட்டும் ஏற மறுக்கிறது.

ஈசல்:
பழைய டூப்ளிகேட் உள்ளே கிடக்கிறது. ஒரு தடவைக்கு மேல் வந்த நம்பர்கள் தெரிய, பில் நம்பரில் குரூப் பை, ஹேவிங் கவுன்ட் 1க்கு மேல் என்று எடுத்துப் பாருங்கள். எத்தனை வருகிறது? அந்த பில்கள் வெளியே போய்விட்டனவா?