புதுப்பிப்பு: அம்மாவின் இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை

அம்மாவுக்கு 78 வயது. இடுப்பெலும்பு முறிவு அறுவை சிகிச்சைக்கு முழு மயக்கம் நல்லதா, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக முதுகுத்தண்டில் போடும் ஊசி நல்லதா என்று இங்கே கேட்டிருந்தேன். மும்பை செம்பூரில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முதுகு ஊசிதான் போட்டார்கள். இடுப்பெலும்பு முறிவில் எது போட்டாலும் பிறகு வரும் மனக்குழப்பம் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்று 2021இல் வெளியான ரீகெய்ன் ஆய்வு காட்டியதாம். மயக்கவியல் மருத்துவர் விளக்கினார். குழப்பத்தைக் கூட்டக்கூடிய மிடசோலம் என்ற தூக்க மருந்தை அவர் தவிர்த்துவிட்டார்.

அப்படியும் முதல் இரவு அம்மா குழம்பிப்போய், "பால் வந்துவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டே சலைன் குழாயை இழுத்தார். நர்ஸ் பரிவோடுதான் பேசினார், ஆனால் மராத்தியில். நான் அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிட்டுத் தமிழில் பேசியதும் அடங்கினார். இரவில் வீட்டு ஆள் ஒருவர் உடனிருக்க அனுமதி கேட்டு வாங்குங்கள். மறுநாளே நிற்க வைத்தார்கள். இப்போது தெளிவாக இருக்கிறார்.