மனுசியின்ர பிறந்தநாளுக்கு ஒன்பது தட்டுச் சாப்பாடு: விசரோ, விருப்பமோ?

நல்லூர் மருமகன்:
வாற ஆவணியில மனுசிக்கு 35 வயசு. கல்யாணம் முடிச்ச நாள் தொடக்கம் அவவின்ர பிறந்தநாள் எண்டால் காலமை கோயில், பின்னேரம் கேக், இரவு வாற சனத்துக்குச் சாப்பாடு. சமைக்கிறதும் அவதான். இந்த முறை கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பெரிய ஹோட்டலில டேஸ்டிங் மெனு சாப்பிடுவம் எண்டு நினைக்கிறன். ஒன்பது தட்டு, ஒண்டு முடிய ஒண்டு வரும். நாங்கள் ஒண்டும் ஓர்டர் பண்ணத் தேவையில்லை, குசினி தாறதைச் சாப்பிடுறதுதான். ஆளுக்கு 25,000 ரூபா, பக்கத்தில ரெண்டு பிளஸ் குறி. மச்சானிட்டச் சொன்னன், "உனக்கென்ன விசரோ" எண்டான். நீங்கள் என்ன சொல்லுறியள்?

பாசையூர் அக்கா:
மச்சான் சொன்னதில என்ன பிழை தம்பி? விடியக் கரைக்கு வாங்கோ, நீலக்கால் நண்டு காலை ஆட்டிக்கொண்டு கிடக்கும். இறால், கணவாய், மீன் எல்லாம் வாங்கி, பயித்தங்காய், பிலாக்கொட்டை, மரவள்ளி போட்டு ஒரு கூழ் காய்ச்சினால் உங்கட காசில ஒரு ஒழுங்கையே குடிக்கும். ஒடியல் மாவை, அதுதான் காய வைச்ச பனங்கிழங்கு மாவை, ஊற வைச்சு, மேல தெளியிற தண்ணியை ஊத்தி ஊத்திக் கசப்பெடுத்து, கடைசியில புளியும் அரைச்ச செத்தல் மிளகாயும் கலந்து கொதிக்கேக்க வாற வாசம் எந்த ஹோட்டலில வரும்? அங்க பெரிய வெள்ளைத் தட்டில நடுவில ஒரு இறால் படுத்திருக்கும், மேல ஒரு கீரை இலை. அதைப் படமெடுத்திட்டு வந்து வழியில கொத்துரொட்டி தேடுவியள்.

கணக்கு வாத்தி:
விசரோ இல்லையோ, கணக்கைப் பாருங்கோ. ஒரு பிளஸ் சேவைக் கட்டணம், 10 வீதம். மற்றது வற் வரி, 2024 தை தொடக்கம் 18 வீதம். 25,000 எண்டது கையில ஏறக்குறைய 32,000 ஆகும். ரெண்டு பேருக்கு 64,000. ரெயில், இரவு தங்க அறை வேற. வைன் பெயரிங் எண்டு தட்டுக்குத் தட்டு ஒரு கிளாஸ் வைப்பினம், அதுக்குத் தனிக் காசு. குடிக்காத ஆக்களுக்குப் பழரசம் மாதிரி ஏதும் இருக்கோ எண்டு முதலே கேளுங்கோ.

லாசப்பல் குசினி:
நான் பாரிசில உப்பிடியான குசினியளில கனகாலம் நிண்டவன். அக்கா, பசியோட எழும்புவியள் எண்டது வெளியில இருந்து பாக்கிற ஆக்களின்ர கதை. ஒவ்வொரு தட்டும் ரெண்டு மூண்டு வாய்தான், ஆனால் இடையில பாண், பட்டர், மெனுவில போடாத சின்னச் சின்னக் கொறிக்கிற சாமான் எல்லாம் வரும். ரெண்டரை மூண்டு மணித்தியாலம் இருந்து சாப்பிடேக்க ஏழாம் தட்டில வயிறு போதும் எண்டு சொல்லிப்போடும். காசு இறாலுக்கில்லை. ஒரு தட்டுக்கு ஒரு சோஸ் எண்டால் அதுக்கு முதல் நாளே எலும்பை வறுத்து அவிச்சு வத்த வைக்கவேணும். மேசையில இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரம் தட்டுப் போகவேணும். அதாலதான் ஒரு மேசையில எல்லாரும் அதே மெனுவையே எடுக்கவேணும் எண்டு கனக்க இடங்களில கேப்பினம், முற்காசும் வாங்குவினம்.

அரியாலைப் பிள்ளை:
எல்லாரும் இறாலின்ர அளவைப் பற்றியே கதைக்கிறியள். அக்கா காய்ச்சச் சொன்ன கூழுக்கு நண்டு உடைக்கிறது ஆர்? பிலாக்கொட்டை உரிக்கிறது ஆர்? இருபது பேர் குடிச்ச பிறகு அந்தப் பானையை ஆர் கழுவிறது? பிறந்தநாள்காரிதானே! எனக்கு ஆராவது "இண்டைக்கு என்ன கறி" எண்டு கேக்காமல் ஒரு நேரச் சாப்பாடு முன்னால கொண்டு வந்து வைச்சால் அது பாணும் சம்பலும் எண்டாலும் சந்தோசம்தான். இது ஒன்பது தரம் வைக்கினம். கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை.

பாசையூர் அக்கா:
பிள்ளை, நான் மனுசியைக் காய்ச்சச் சொல்லேல்லை. அவர் காய்ச்சட்டும், அவரே கழுவட்டும். கை தேய்ஞ்சு போகுமே? எனக்கு உதில பிடிக்காதது வேற ஒண்டு. எங்கட வாழையிலையிலயும் சோறு, பருப்பு, கறியள், பிறகு சொதி, பாயசம் எண்டு ஒரு ஒழுங்கு இருக்கு. ஆனால் கத்தரிக்காய்ப் பால்கறி நல்லாயிருந்தால் "இன்னும் கொஞ்சம்" எண்டு கேக்கலாம். கேக்காட்டியும் போடுவினம், கையால மறைச்சாலும் விடாயினம். அங்க நாலாம் தட்டு பிடிச்சால் என்ன செய்வியள்? அது போட்டுது. பிடிக்காத ஐஞ்சாவதைச் சிரிச்சுக்கொண்டு திண்ணவேணும்.

லாசப்பல் குசினி:
அது நியாயமான குறைதான், மறுக்கேலாது. பிரான்சிலயும் பழைய நாளில விருந்தெண்டால் எல்லாத்தையும் ஒண்டாய் மேசையில பரப்பித்தான் வைச்சவை. ஒண்டுக்குப் பிறகு ஒண்டாய்க் கொண்டு வாறது 19ஆம் நூற்றாண்டில ரஷ்ய முறையெண்டு அங்க பரவினது. சின்னச் சின்னத் தட்டாய் நீளமான மெனு குடுக்கிறது இன்னும் பிந்தி, 1970களில பிரெஞ்சுச் சமையல்காரர் ஜப்பானின்ர கைசெக்கி விருந்தைப் பாத்த காலத்தில வளந்தது. அதின்ர நோக்கமே ஒரு ருசி அலுக்க முதல் அடுத்ததுக்குப் போறது. வயிறு நிறையத்தான் வேணும் எண்டால் அக்கா வெல்லுவா. ஒரு இரவு முழுக்க ரெண்டு பேர் முகம் பாத்துக் கதைக்கவேணும் எண்டால் உதுக்கு ஈடு இல்லை. வீட்டில விருந்தாளி வந்தால் நீங்கள் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்கிறியளே?

சுன்னாகம் பொடியன்:
அண்ணை, ஆவணி எண்டு சொன்னியள். நல்லூர்க் கோயில் திருவிழாக் கொடி ஏறியிருக்குமே? உங்கட வீட்டில அந்த 25 நாளும் மச்சம் மாமிசம் உண்டோ?

நல்லூர் மருமகன்:
ஐயோ, அதைத்தான் யோசிக்கேல்லை. கொடியேறினால் வீட்டில மீன்சட்டி மேல ஏறிடும். அவ முட்டையும் தொடமாட்டா. மரக்கறி மெனுவும் இருக்கெண்டு போட்டிருக்கு, அது போதாதோ?

லாசப்பல் குசினி:
போதாது. ஹோட்டல்காரரின்ர "வெஜிட்டேரியன்" வேற, எங்கட சைவம் வேற. முட்டை அவையளுக்குப் பிரச்சினையில்லை. பனாகோட்டா மாதிரி ஆடுற இனிப்புகளில ஜெலட்டின் போடுறவை, அது மாட்டுத் தோலிலயோ பண்டித் தோலிலயோ எடுக்கிறது. பாமேசன் சீஸைக் கண்டுக்குட்டியின்ர வயித்தில எடுக்கிற ரெனெட் போட்டுத்தான் உறைய வைக்கிறது. ஜப்பான் பக்கத்துச் சூப் எண்டால் மீன் சாறு இருக்கும். "மரக்கறி" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. முட்டை, ஜெலட்டின், சீஸ், மீன் சாறு எண்டு ஒவ்வொண்டாய்ச் சொல்லி, எழுத்தில அனுப்புங்கோ. ஒரு கிழமைக்கு முதல் சொன்னால் நல்ல குசினி ஏதாவது செய்யும். அண்டைக்கு மேசையில இருந்துகொண்டு சொன்னால் ஒன்பதில நாலு தட்டில வெறும் சலாட்தான் வரும்.

பாசையூர் அக்கா:
இப்ப பாருங்கோ, 64,000 குடுத்துக் கரட்டும் பீட்ரூட்டும்! தீர்த்தத் திருவிழா முடியட்டும், பிறகு போங்கோ.

அரியாலைப் பிள்ளை:
பிறந்தநாளை மீனுக்காகத் தள்ளி வைக்கிறதோ? கரட்டெண்டாலும் அவ சீவாத கரட். அதோட, அண்டைக்கு ஒரு சாறி உடுத்து, ஏசியில இருந்து, ஆரும் "அம்மா தண்ணி" எண்டு கூப்பிடாமல் சாப்பிடுவா.

கணக்கு வாத்தி:
தள்ளி வைச்சால் இன்னும் ஒரு சம்பளம் வந்திடும் எண்டதையும் சொல்லிப்போடுறன்.

நல்லூர் மருமகன்:
சரி. பிள்ளையை அம்மம்மா வைச்சிருப்பா, இரவு மெயில் ரெயிலில இடமிருக்கோ எண்டு பாக்கிறன். நாளைக்கு ஹோட்டலுக்கு லாசப்பல் அண்ணை சொன்ன நாலையும் எழுதி அனுப்புறன். முட்டையில்லாமல் ஏலாது எண்டினமெண்டால் அக்கா, தீர்த்தத்துக்குப் பிறகு வாற ஞாயிறு கூழ். நான்தான் காய்ச்சுவன்.

பாசையூர் அக்கா:
ஒடியல் மாவை எத்தினை தரம் கழுவிறதெண்டு தெரியுமோ தம்பி? தெரியாட்டி ஹோட்டலுக்கே போங்கோ.