மோரிஸ் மைனர் 1000: வைப்பர் சுவிட்சை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: வணக்கம். அப்பா வைத்திருந்த 1964ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் காரில், வைப்பர் சுவிட்சைப் பலமுறை தட்டினால்தான் மோட்டார் ஓடுகிறது. நிறுத்தினாலோ வைப்பர் கைகள் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிடுகின்றன. புதுக் கார் சுவிட்சைப் பொருத்தலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம், தம்பி. இந்த வண்டியில் பச்சை ஒயர் ஃபியூஸிலிருந்து நேராக மோட்டாருக்கே மின்சாரம் கொடுக்கிறது. டேஷ்போர்டு சுவிட்ச் எர்த் பக்கத்தை, அதாவது மோட்டாரை வண்டியின் இரும்பு பாடியோடு சேர்க்கும் பக்கத்தை, மட்டுமே இணைக்கிறது. மோட்டாரில் சுவிட்ச் ஒயர் வந்து சேரும் முனையைத் தனி ஒயரால் பாடியோடு தொட்டுப் பாருங்கள். மோட்டார் ஒழுங்காக ஓடினால், கோளாறு சுவிட்சிலோ அதன் எர்த் ஒயரிலோதான் இருக்கிறது. பெரும்பாலும் அந்த ஒயரின் முனையில் படிந்த பச்சைக் களிம்பைச் சுரண்டி எடுத்தாலே போதும்.

மற்றொரு பதில்: கைகள் நடுவில் நிற்பது வேறு கோளாறு. சுவிட்சை அணைத்த பிறகும், கைகள் ஓரத்துக்கு வரும்வரை எர்த் இணைப்பைத் தொடர வைப்பது மோட்டாரின் கியர் பெட்டி மூடியில் உள்ள பார்க்கிங் சுவிட்ச். அங்கே கிரீஸ் இறுகியிருக்கும். மின்சாரம் வரும் பக்கத்தைத் துண்டிக்கும்படி புதுச் சுவிட்சை இணைத்தால், கைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். பார்க்கிங் வசதியையே இழப்பீர்கள்.

மற்றொரு பதில்: வைப்பரை விட்டு விட்டு ஓடவைக்கும் எலெக்ட்ரானிக் கருவியை வாங்குவதானால், அது இதைப் போன்ற பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த) வண்டிக்கு உரியதா என்று உறுதி செய்யுங்கள், மாற்றி இணைத்தால் அந்த நொடியிலேயே கருகிவிடும்.