புதுப்பிப்பு: கார் ஷெட் தூணில் வண்டிகள் இடிப்பது நின்றுவிட்டது

தெருமுனைத் திருப்பத்தில் இருக்கும் எங்கள் கார் ஷெட் தூணை வண்டிகள் இடித்துவிட்டுப் போவதாக மார்ச்சில் எழுதியிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது இரும்புக் குழாய் யோசனைதான். தூணுக்கு 1½ அடி முன்னால், எங்கள் எல்லைக்குள்ளேயே, 4 அங்குலக் குழாயை 2½ அடி ஆழத்தில் நட்டு, உள்ளேயும் சுற்றிலும் கான்கிரீட் போட்டோம். 5 மாதங்களாகத் தூணில் ஒரு கீறல்கூட இல்லை. குழாயில்தான் யாருடைய வண்டியின் நீலப் பெயின்டோ ஒட்டியிருக்கிறது.

சிவப்பு வெள்ளை ஒளிர்பட்டை, சுண்ணாம்பு அடித்த தூணிலிருந்து ஒரே வாரத்தில் உரிந்து, வெள்ளைப் பொடியோடு தொங்கியது. தகரத்தில் ஒட்டித் திருகாணி போட்ட பிறகு நிற்கிறது.

எதிர்பாராதது ஒன்று: இரவில் பின்னோக்கி வரும் தண்ணீர் லாரிக்குப் பட்டை தெரியவில்லை. முகப்பு விளக்கு பட்டால்தானே அது மின்னும்! அதற்காக அசைவை உணர்ந்து எரியும் விளக்கு ஒன்றையும் மாட்டிவிட்டேன்.