எக்கோவிட் வானிலைக் கருவி ஹோம் அசிஸ்டன்ட்டில் வரவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

மாடி14:
வணக்கம். சிங்கப்பூர் செங்காங்கில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, பதினான்காவது மாடி. எக்கோவிட் ஜிடபிள்யூ1100 கேட்வேயும் (சென்சாரின் அளவுகளை வாங்கி வைஃபையில் அனுப்புகிற பெட்டி), காற்று, மழை, வெப்பநிலை எல்லாம் ஒன்றாய் அளக்கிற சென்சாரும் வாங்கியிருக்கிறேன். சென்சார் பால்கனியில், கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கமாகக் கட்டியிருக்கிறது. கேட்வே பாம் ஷெல்டர் என்கிற வீட்டுப் பதுங்கறைக்குள், ரூட்டருக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டில் ஃபைபர் பெட்டி அங்கேதான் இருக்கிறது, அதனால் வீட்டுச் சாதனங்களை இணைத்து இயக்குகிற ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடுகிற ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியும் அங்கேயே குடியேறிவிட்டது.

பிரச்சினை இதுதான். எக்கோவிட் ஆப்பில் வீட்டுக்குள் வெப்பநிலை ஒழுங்காக வருகிறது. வெளி வெப்பநிலை பாதி நேரம் வெறும் கோடுதான். ஹோம் அசிஸ்டன்ட்டிலோ ஒன்றுமே இல்லை. எக்கோவிட் இணைப்பைச் சேர்த்தாயிற்று, அது ஏதோ முகவரி, பாதை, போர்ட் என்று காட்டியது, சரி என்று அழுத்தினேன். சாதனம் எதுவும் தோன்றவில்லை. தேடச் சொன்னாலும் கிடைக்கவில்லை.

ஹோம் அசிஸ்டன்ட்டை அமைத்துக் கொடுத்தது அக்கா மகன். அவன் இப்போது தேசிய சேவையில், ராணுவப் பயிற்சிக்காகத் தேக்கோங் தீவில் இருக்கிறான். வார இறுதியில் வீட்டுக்கு வந்தாலும் தூங்கத்தான் நேரம் இருக்கிறது. அம்மா கம்பில் துணி காயப்போடுவார், மழை தொடங்கினால் ஸ்பீக்கர் குரல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

தேக்கா தம்பி:
அண்ணே, இரண்டையும் ரீசெட் செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது. இல்லாவிட்டால் ஜிக்பீ (வேறு வகை வயர்லெஸ்) வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள், தலைவலி இல்லை.

பழைய ரேடியோ:
ரீசெட் வேண்டாம் தம்பி. இப்போது என்ன வேலை செய்கிறது, என்ன செய்யவில்லை என்பதாவது தெரிகிறது. ரீசெட் செய்தால் அதுவும் போய்விடும்.

மாடி14, உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு என்று நினைக்கிறேன். சென்சாரிலிருந்து கேட்வே வரைக்கும் போவது ரேடியோ அலை, அதற்கும் வைஃபைக்கும் சம்பந்தமே இல்லை. கேட்வேயிலிருந்து ஹோம் அசிஸ்டன்ட்டுக்குப் போவது வைஃபை. ஆப்பில் வெளி அளவு கோடாகிறது என்றால் முதல் பாதையில் கோளாறு. ஹோம் அசிஸ்டன்ட்டில் வீட்டுக்குள் வெப்பநிலைகூட வரவில்லை என்றால் இரண்டாவது பாதையிலும் கோளாறு. வீட்டுக்குள் அளவைக் கேட்வேயின் வாலில் தொங்குகிற சின்ன உணரியே எடுக்கிறது. அது எப்போதும் சரியாக வரும், அதை வைத்து சென்சார் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

முதல் பாதையைப் பார்ப்போம். பாம் ஷெல்டர் என்றால் தடித்த கம்பிக் காங்கிரீட், எஃகுக் கதவு. 1998க்குப் பிறகு கட்டிய வீடுகளில் இது சட்டப்படி இருக்கிறது, குண்டையே தடுக்கக் கட்டிய அறை உங்கள் சென்சாரின் சின்ன அலையை உள்ளே விடுமா? கதவு திறந்திருக்கும்போது வெளி அளவு வருகிறதா, மூடினால் கோடாகிறதா என்று பாருங்கள். கேட்வேயை யுஎஸ்பி சார்ஜரோடு வரவேற்பறைக்குக் கொண்டு வந்துவிடுங்கள், அதற்கு வைஃபை எட்டினால் போதும். ஷெல்டர் சுவரில் துளை போட்டு ஆன்டெனா இழுக்கலாம் என்று மட்டும் யோசிக்க வேண்டாம், குடிமைத் தற்காப்புப் படையின் விதி அதற்கு இடம் தராது.

இன்னொன்று. இந்தக் கருவிகள் 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று நாட்டுக்கு நாடு வேறு வேறு அலைவரிசையில் விற்கின்றன. கேட்வேயும் சென்சாரும் ஒரே அலைவரிசையாக இருக்க வேண்டும். உங்களுக்கு அவ்வப்போது வருவதால் அது சரிதான். ஆனால் நாளைக்குத் தனியாக ஒரு மழைமானி வாங்கினால் பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்கள்.

மாடி14:
ஐயா, கதவுதான்! மூடிச் சற்று நேரத்தில் கோடாகிறது. இப்போது கேட்வே டிவி அலமாரியில். ஆப்பில் எல்லா அளவும் விடாமல் வருகிறது, சிக்னலும் நான்கு கோடு.

ஹோம் அசிஸ்டன்ட்டில் இன்னும் பூஜ்யம்தான்.

பழைய ரேடியோ:
நல்லது. அந்த நான்கு கோடு கைப்பேசியில் வருகிற மாதிரி சிக்னல் பலம் இல்லை, விடாமல் எத்தனை முறை தகவல் வந்து சேர்ந்தது என்கிற கணக்கு. நான்கில் நின்றால் முதல் பாதையை மறந்துவிடலாம். அடுத்ததை ஈசூன்வாசி பார்த்துக்கொள்வார், வலைப்பின்னல் அவர் பேட்டை.

ஈசூன்வாசி:
எல்லோரும் இடறுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஹோம் அசிஸ்டன்ட் போய் இந்தக் கேட்வேயைத் தேடுவதில்லை. கேட்வேதான் தன் அளவுகளைக் கொண்டு வந்து கொடுக்க வேண்டும். தேடச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் பொழுது விடிந்தாலும் வராது. நீங்கள் சரி என்று அழுத்திய அந்த முகவரி, பாதை, போர்ட் மூன்றையும் கேட்வேயில் போய் எழுதினீர்களா?

எழுதவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். கைப்பேசி பிரவுசரில் கேட்வேயின் ஐபி எண்ணைத் தட்டினால் அதன் பக்கம் திறக்கும். அதில் வானிலைச் சேவைகள் என்ற பகுதிக்குப் போய், கடைசியில் கஸ்டமைஸ்டு என்று இருப்பதை இயக்குங்கள். புரோட்டோகால் எக்கோவிட் என்றே இருக்கட்டும், பக்கத்தில் வண்டர்கிரவுண்ட் என்று ஒன்று இருக்கும், அது வேறு வழி. பாதையை ஓர் எழுத்து விடாமல் நகலெடுத்து ஒட்டுங்கள், கையால் தட்டாதீர்கள், நீளமான குறியீடு அது. போர்ட் 8123. இடைவெளி 60 விநாடி.

முகவரியில் டாட் லோக்கல் என்று முடிகிற பெயர் வந்தால் அதைப் போடாமல் பையின் ஐபி எண்ணையே போடுங்கள். ரூட்டரில் அந்த எண்ணைப் பைக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் என்றாவது மின்சாரம் போய் வரும்போது எண் மாறி, மறுபடியும் இங்கே வந்து நிற்பீர்கள்.

கேட்வேக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். அதற்காகச் சிலர் விருந்தினர் வைஃபையில் இணைத்துவிடுவார்கள். அங்கிருந்து பையை எட்ட முடியாதபடி ரூட்டர் தடுத்துவிடும், அதையும் பாருங்கள்.

மாடி14:
அந்தப் பக்கத்தையே நான் திறந்ததில்லை. இப்போது எல்லாம் எழுதிச் சேமித்தாயிற்று. விருந்தினர் வைஃபை இல்லை. கால் மணி நேரம் காத்திருந்தும் ஒன்றும் இல்லையே.

ஈசூன்வாசி:
ஒரு கேள்வி. வீட்டு வைஃபையில் இருக்கும்போது ஹோம் அசிஸ்டன்ட்டை எப்படித் திறக்கிறீர்கள்? பிரவுசரில் எச்டிடிபி என்று தொடங்கி, ஐபி, 8123 என்று தட்டிப் பாருங்கள். கடைசியில் எஸ் இல்லாமல்.

மாடி14:
எஸ் இல்லாமல் திறக்கவில்லை. எஸ் போட்டால் பாதுகாப்பில்லாத தளம் என்று மிரட்டிவிட்டுத் திறக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பதற்காக டக் டிஎன்எஸ் முகவரி ஒன்றை அந்த அக்கா மகன் போட்டுக் கொடுத்தான், கைப்பேசியில் எப்போதும் அதுதான்.

ஈசூன்வாசி:
பிடிபட்டது. மருமகன் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார், அந்த வழிகாட்டியை அப்படியே பின்பற்றியவர்கள் ஏராளம். லெட்ஸ் என்கிரிப்ட் என்கிற குறியாக்கச் சான்றிதழை ஹோம் அசிஸ்டன்ட்டின் வாயிலேயே கட்டியிருக்கிறார். அதனால் 8123 இனி குறியாக்கம் செய்த பேச்சை மட்டும்தான் கேட்கும். கேட்வே சாதாரண எச்டிடிபியில்தான் தன் அளவுகளை அனுப்பும், குறியாக்கம் அதற்கு வராது. ஹோம் அசிஸ்டன்ட்டின் எக்கோவிட் விளக்கப் பக்கத்திலும் இது எழுதியிருக்கிறது, ஆனால் யார் படிக்கிறார்கள்.

தீர்வு: முதலில் முழு பேக்கப். அப்புறம் வெளியிலிருந்து வருகிற குறியாக்கப் பேச்சைப் பிரித்து உள்ளே கொடுக்கிற என்ஜின்எக்ஸ் எஸ்எஸ்எல் ப்ராக்ஸி ஆட்-ஆனைப் போட்டு உங்கள் டக் டிஎன்எஸ் பெயரைக் கொடுங்கள். பிறகு அமைப்புக் கோப்பில் எச்டிடிபி என்ற தலைப்பின் கீழே சான்றிதழ், சாவி என்று இரண்டு வரி இருக்கும். அவற்றை நீக்கிவிட்டு, அதே இடத்தில் ப்ராக்ஸியை நம்பச் சொல்கிற இரண்டு வரியைச் சேர்க்க வேண்டும். ஆட்-ஆனின் விளக்கத்தில் அப்படியே இருக்கிறது, நம்ப வேண்டிய முகவரி 172.30.33.0/24. மறுதொடக்கம் செய்தால் வீட்டுக்குள் 8123 சாதாரணமாகப் பேசும், வெளியிலிருந்து வருகிறவர்கள் 443 வழியாகக் குறியாக்கத்தோடு வருவார்கள்.

இதை மறந்துவிடாதீர்கள்: ரூட்டரில் 8123ஐ வெளியுலகுக்குத் திறந்துவிட்டிருப்பார். அதை மூடி, 443ஐ மட்டும் பைக்குத் திருப்புங்கள். மூடாமல் விட்டால் உங்கள் கடவுச்சொல் இணையத்தில் அம்மணமாகப் போகும். கேட்வே வேலை செய்கிற மகிழ்ச்சியில் பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

மாதாமாதம் கொஞ்சம் பணம் கட்டத் தயார் என்றால், ஹோம் அசிஸ்டன்ட்டை வெளியிலிருந்து திறக்க நபு காசா சேவை இருக்கிறது. அதில் ப்ராக்ஸி, சான்றிதழ், போர்ட் எதுவும் வேண்டாம். எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் உங்கள் இஷ்டம்.

மாடி14:
வந்துவிட்டது! மறுதொடக்கம் முடிந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, புற ஊதா என்று வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. 8123ஐ மூடிவிட்டேன், கைப்பேசி டேட்டாவில் போட்டுப் பார்த்தேன், வெளியிலிருந்தும் திறக்கிறது. இருவருக்கும் கோடி நன்றி.

இப்போது இரண்டு சந்தேகம். நேற்று மாலை வெளி வெப்பநிலை 41 டிகிரி காட்டியது. காலையில் கொட்டித் தீர்த்த மழைக்கு மழைமானி பூஜ்யம் என்றது. ஏதாவது அலகு மாற்றம் தவறாக நடக்கிறதா? கேட்வே ஃபாரன்ஹீட்டிலும் அங்குலத்திலும் அனுப்புகிறது என்று எங்கோ படித்தேன்.

நனைந்த துணி:
அனுப்புவது அப்படித்தான், ஹோம் அசிஸ்டன்ட் மாற்றிக்கொள்ளும். அலகு தவறினால் 41 வராது, 106 என்று வரும். உங்கள் பால்கனி மேற்குப் பார்த்ததா? சிங்கப்பூரில் இதுவரை பதிவான உச்சமே 37.0 டிகிரிதான், 1983இல் தெங்காவில், மறுபடி 2023 மே மாதம் அங் மோ கியோவில். நீங்கள் அளப்பது காற்றின் சூடு இல்லை, வெயில் குடித்த சுவரின் சூடு. சுவரை விட்டுத் தள்ளி, காற்றோட்டமும் நிழலும் உள்ள பக்கம் மாற்றுங்கள், இறங்கும்.

மழைமானி பழுதில்லை. மேல் மாடிப் பால்கனி கூரையாக நிற்கும்போது அதில் எப்படித் தண்ணீர் விழும்? ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊரில் உங்கள் மழைமானி மட்டும் பாலைவனத்தில் இருக்கிறது. சாரல் அடித்தால் ஏதாவது காட்டும், ஆனால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. அதற்காகக் கம்பு வைத்து வெளியே நீட்டிவிடாதீர்கள். பதினான்காவது மாடியிலிருந்து ஒரு ஸ்க்ரூ விழுந்தாலும் கீழே போகிறவர் கதி என்னாகும்.

மாடி14:
மேற்குதான் அக்கா. அப்படியானால் மழை அறிவிப்பைக் கைவிட வேண்டியதுதானா? அம்மாவிடம் சொல்லிவிட்டேனே.

நனைந்த துணி:
கைவிட வேண்டாம். அரசின் திறந்த தரவுத் தளத்தில், டேட்டா டாட் கவ் டாட் எஸ்ஜி, தீவு முழுக்க இருக்கிற மழைமானிகளின் அளவு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது. இலவசம். ஹோம் அசிஸ்டன்ட்டில், இணையத்திலிருந்து தரவை எடுக்கிற ரெஸ்ட் சென்சார் ஒன்று எழுதி, உங்களுக்கு அருகில் இருக்கிற நிலையத்தின் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிலையத்தோடு நிறுத்தாமல், மேற்கே இரண்டு நிலையங்களையும் சேருங்கள். விடியற்காலை சுமத்ராப் புயல்காற்று மேற்கிலிருந்துதான் வரும், அந்த நிலையங்கள் நனையும்போதே உங்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். பிற்பகல் இடிமழை அப்படி இல்லை, அடுத்த புளோக்கில் பெய்யும், உங்கள் புளோக்கில் வெயில் அடிக்கும். எங்கள் வீட்டில் நான் வைத்திருக்கிற நிபந்தனை இதுதான்: அருகிலுள்ள நிலையம் பூஜ்யத்தைத் தாண்ட வேண்டும், அல்லது என் சென்சாரில் பத்து நிமிடத்துக்குள் வெப்பநிலை 2 டிகிரி இறங்கிக் காற்று எழும்ப வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் முதலாவதை முந்திக்கொள்கிறது. உங்கள் எக்கோவிட்டுக்கு இங்கேதான் வேலை, மழைமானியை விட்டுவிட்டு மற்ற அளவுகளை வைத்துப் பாருங்கள். ஆனால் முதலில் அந்தச் சுவரை விட்டுச் சென்சாரை நகர்த்துங்கள், சுவர் ஆறுகிற வரை வெப்பநிலை இறங்குவதே தெரியாது.

தேக்கா தம்பி:
அக்கா, அந்த ரெஸ்ட் சென்சாரை இங்கே ஒட்டுங்களேன். என் வீட்டுத் துணியும் நனைகிறது.